கறி மணக்கும் வீட்டிலும் இரத்தசோகை: புதுச்சேரிக் குழந்தைகளின் கணக்கு நமக்குச் சொல்வது என்ன?

மத்திய சுகாதார அமைச்சகம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்துகிறது. 2015-16-இல் நடந்த நான்காவது ஆய்வின்படி, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 44.9 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் அது 64 சதவீதமாக உயர்ந்தது. இதே காலத்தில் தமிழ்நாட்டில் 50.7 சதவீதத்திலிருந்து 57.4 ஆகவும், நாடு முழுவதும் 58.6 சதவீதத்திலிருந்து 67.1 ஆகவும் ஏறியது. எல்லா இடத்திலும் உயர்வுதான். ஆனால் புதுச்சேரியில் ஐந்தே ஆண்டுகளில் ஏறக்குறைய 19 புள்ளி ஏறியிருப்பது சாதாரண விஷயம் இல்லை.

காரணம், புதுச்சேரி மருத்துவ வசதிக்குப் பெயர் பெற்ற ஊர். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்ததுதான் இன்றைய ஜிப்மர். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்து மட்டுமின்றித் தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் இங்கேதான் வருகிறார்கள். ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. குழந்தை இறப்பு விகிதம் நாட்டிலேயே மிகக் குறைவான இடங்களில் இதுவும் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரும் வழக்கம்கூட 1930-லேயே பிரெஞ்சு நிர்வாகத்தால் இங்கே தொடங்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஊரில் மூன்று குழந்தைகளில் இரண்டு பேருக்கு இரத்தம் போதவில்லை என்றால், கோளாறை மருத்துவமனைக்குள் தேடிப் பயனில்லை. மருத்துவமனையிலிருந்து தாயும் பிள்ளையும் வீடு திரும்பிய பிறகு, அடுத்த இரண்டு வருடம் அடுப்பங்கரையிலும் தட்டிலும் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முல்லா வீதி, காஜியார் வீதி முதல் சுல்தான்பேட்டை வரை வாழும் நம் குடும்பங்களும் இதில் அடங்கும்.

எண்ணைச் சரியாகப் படிப்போம்

ஒரு புள்ளிவிவரம் வந்தவுடன் அதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பயமுறுத்துவது நமக்குப் பழகிவிட்டது. எனவே இந்த எண்ணின் குறை நிறைகளை முதலில் பார்த்துவிடுவோம்.

குடும்ப நல ஆய்வில் குழந்தையின் விரல் நுனியிலோ குதிகாலிலோ குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சிறு கருவியில் சோதிப்பார்கள். அந்தச் சொட்டில் உடல் நீர் கலந்தால் அளவு மாறும். நரம்பில் ஊசி போட்டு எடுக்கும் இரத்தம்தான் நம்பகமானது. அப்படி நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து 2016-18-இல் நடத்தப்பட்ட விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், நாடு முழுவதும் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. குடும்ப நல ஆய்வின் எண்ணை விட இது கணிசமாகக் குறைவு.

அளவுகோலும் மாறியிருக்கிறது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பது பழைய கணக்கு. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு அந்த எல்லையை 10.5 கிராமாகக் குறைத்தது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் எண் சற்றுக் குறையும். மேலும் ஐந்தாவது ஆய்வின் இரண்டாம் கட்டம் 2020 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை நடந்தது. புதுச்சேரியும் தமிழ்நாடும் அந்தக் கட்டத்தில்தான் வந்தன. கொரோனா முடக்கம், வருமான இழப்பு, அங்கன்வாடி மூடல் எல்லாம் நடுவே வந்த காலம் அது.

ஆகவே 64 என்பதைக் கல்லில் பொறித்த எண்ணாகக் கொள்ள வேண்டாம். ஆனால் மிகக் கறாராக அளந்த ஆய்விலேயே பத்துக் குழந்தைகளில் நான்கு பேருக்கு இரத்தசோகை. இரத்தசோகை வரை போகாமல் இரும்புச்சத்து மட்டும் குறைந்து நிற்கும் பிள்ளைகள் இந்தக் கணக்குக்கு வெளியே இன்னும் இருக்கிறார்கள். எந்தத் தராசில் வைத்தாலும் நம் வீதியில், நம் வீட்டில் இது இருக்கிறது.

இரும்பு குறைந்தால் என்ன ஆகும்?

இரத்தத்தின் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் நுரையீரலிலிருந்து ஆக்ஸிஜனை உடலெங்கும் சுமந்து செல்கிறது. அதைச் செய்ய உடலுக்கு இரும்பு வேண்டும். குழந்தைகளுக்கு வரும் இரத்தசோகையில் பெரும்பங்கு இரும்புச்சத்துக் குறைவால் வருவது.

பிள்ளை சோர்ந்து இருக்கும், முகம் வெளுத்திருக்கும், எதற்கெடுத்தாலும் சிணுங்கும், சாப்பாட்டைத் தள்ளிவிடும். சில பிள்ளைகள் மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாக்பீஸ், பச்சரிசி என்று தின்னும். "பிள்ளை மண் தின்னுது, வயிற்றில் பூச்சி" என்று அதை நாம் தள்ளிவிடுகிறோம். அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாகவும் இருக்கலாம். பல பிள்ளைகளுக்கு எந்த அடையாளமும் தெரியாது. கொழுகொழு என்று இருக்கும் பிள்ளைக்கும் இரத்தசோகை இருக்கும். எடையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இரத்தத்தை விட முக்கியமானது மூளை. முதல் இரண்டு வயதுக்குள் மூளை வளரும் வேகம் பிறகு எப்போதும் வராது. நரம்புகளைச் சுற்றி உறை படியவும், மூளைக்குள் செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் உருவாகவும் இரும்பு தேவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெட்ஸி லோசாஃப் 1980-களில் மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவில் குழந்தைகளைச் சோதித்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான, நாள்பட்ட இரும்புச்சத்துக் குறைவு இருந்த பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்து இரத்தம் சரியானது. ஆனால் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், குடும்பச் சூழலின் வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும், அவர்கள் கணக்கிலும் எழுத்திலும் மற்றப் பிள்ளைகளை விடப் பின்தங்கியே இருந்தார்கள்.

இரத்தத்தை ஈடுகட்டலாம், தவறிய வயதை ஈடுகட்டுவது கடினம் என்பதே இதன் பொருள். மக்தபிலும் பள்ளியிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். பாடம் மனதில் நிற்காத பிள்ளை, அலிஃப், பே ஓதும்போதே கண் சொருகும் பிள்ளை என்றால் உடனே "சோம்பேறி", "மந்தம்" என்ற பட்டம் விழுகிறது. அந்தப் பிள்ளைக்குப் பிரம்பை விட ஓர் இரத்தப் பரிசோதனை பயன்படக்கூடும்.

கணக்கு கருவிலேயே தொடங்குகிறது

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை, தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதத்தில் சேர்த்துக்கொண்ட இரும்போடு பிறக்கிறது. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு அந்தச் சேமிப்பு தாங்கும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. ஆனால் இருப்பது எளிதாக உடலில் சேரும். எனவே முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்கும், இரத்தசோகை உள்ள தாயின் பிள்ளைக்கும் அந்தச் சேமிப்பு குறைவாக இருக்கும், முன்பே தீர்ந்துவிடும். பிறந்தவுடன் தொப்புள்கொடியை அவசரமாக வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் இரத்தமும் பிள்ளையின் இரும்புச் சேமிப்பில் சேர்கிறது.

திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் பால்குடிக்கு முழுமையான கால அளவாக இரண்டு ஆண்டுகளைச் சொல்கிறது. நாம் மேடைதோறும் சொல்லும் செய்தி இது. அதே வசனம், பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் தகப்பனையே பொறுப்பாளி ஆக்குகிறது. இந்த இரண்டாம் பகுதி நம் வீடுகளில் எவ்வளவு நடைமுறையில் இருக்கிறது? எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் மிஞ்சிய குழம்பை ஊற்றிச் சாப்பிடும் மருமகளைப் பார்க்காத வீடு எது? ஐந்தாவது ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தாயின் தட்டில் குறைந்தது பிள்ளையின் இரத்தத்தில் குறைகிறது.

கர்ப்பிணிகளுக்கு அரசு இலவசமாகத் தரும் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் தினமும் சாப்பிட வேண்டும். வாய்க்குமட்டல், மலச்சிக்கல் என்று பாதியில் நிறுத்திவிடுவது வழக்கமாக இருக்கிறது. நிறுத்தும் முன் மருத்துவரிடம் சொன்னால் நேரத்தையோ மாத்திரையையோ மாற்றித் தருவார். ரமலானில் நோன்பு வைக்கும் கர்ப்பிணிகள் அந்த மாதம் முழுவதும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இரவில் சாப்பிடலாமே. இஃப்தார் டீயோடு சேர்க்காமல் இடைவெளி விட்டுச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். தனக்கோ பிள்ளைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பைத் தள்ளிவைக்க மார்க்கம் தந்துள்ள சலுகையை மாமியார்கள் பறிக்கக்கூடாது.

"நாமதான் கறி சாப்பிடுறவங்களாச்சே!"

இரத்தசோகை பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் முதலில் வரும் பதில் இதுதான். சைவம் சாப்பிடுவோருக்குத்தான் இது வரும் என்ற நினைப்பு. தேசிய ஆய்வுகளில் இந்துக் குழந்தைகளின் விகிதமும் முஸ்லிம் குழந்தைகளின் விகிதமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. கறி உண்ணும் சமுதாயம் என்ற பெயர் நம் பிள்ளைகளின் இரத்தத்தில் தெரியவில்லை.

ஏன்? முதலில், கறி இப்போது எத்தனை நாளைக்கு ஒருமுறை? ஆட்டுக்கறி விலை ஏறிப்போய், பல வீடுகளில் அது வெள்ளிக்கிழமைக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மட்டும் என்றாகிவிட்டது. மற்ற நாளில் பிராய்லர் கோழி. இரும்புச்சத்தில் கோழியின் வெள்ளைக் கறி ஆடு, மாட்டுக் கறிக்கு ஈடாகாது.

அடுத்து, வாங்கும் கறியில் பிள்ளைக்கு எவ்வளவு போகிறது? எட்டு மாதம், பத்து மாதப் பிள்ளைக்குக் கறியே கிடையாது. "பல் முளைக்கட்டும்", "செரிக்காது" என்று நன்னிமார் தடுத்துவிடுகிறார்கள். பிள்ளைக்குக் கிடைப்பது குழம்பில் பிசைந்த சோறு, உருளைக்கிழங்கு, எலும்பு சூப். அங்கேதான் ஏமாறுகிறோம். இரும்பு கறியின் சதைக்குள் இருக்கிறது. எலும்பு சூப்பிலும் ஆட்டுக்கால் சூப்பிலும் அது மிகக் குறைவு. சாறு பிள்ளைக்கு, சதை பெரியவர்களுக்கு என்று பிரித்தால் இரும்பு யாருக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றில் ஒன்றைத் தினமும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பல் தேவையில்லை. கொத்துக்கறியைக் குழைய வேகவைத்து, காரம் சேர்க்காமல் மசித்துச் சோற்றில் பிசைந்தால் பிள்ளை விழுங்கும். கறி, மீனில் இருக்கும் இரும்பு, கீரை, பருப்பில் இருக்கும் இரும்பை விட எளிதாக உடலில் சேரும். அதோடு, பக்கத்தில் இருக்கும் பருப்பு, கீரையின் இரும்பையும் சேரவைக்கும். எனவே அளவு சிறிதாக இருந்தாலும் பயன் பெரிது.

விலைக்கும் வழி இருக்கிறது. கோழி ஈரல், கோழிக்கறியை விட மலிவு. இரும்பு பல மடங்கு அதிகம். வாரம் ஒருமுறை ஒரு கோழி ஈரலை நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் பிள்ளைக்குத் தினமும் வேண்டாம். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்த்து மற்றக் கறியும் மாத்திரையும் எடுத்துக்கொள்வது நல்லது. நம் ஊர்க் கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டால் கிடைப்பது ஆட்டின் மண்ணீரல். இரும்பு மிகுந்த பொருள். அதுவும் வேகவைத்துச் சிறிதளவு கொடுக்கலாம். இவை "இரத்தம்தானே, கூடுமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். ஓடும் இரத்தம்தான் விலக்கப்பட்டது. கல்லீரலும் மண்ணீரலும் ஆகுமானவை என்று ஹதீஸிலேயே அனுமதி வந்துள்ளது. சில கடைகளில் விற்கும் உறைந்த இரத்தம் நமக்கு ஹராம். இரத்தம் ஊறுவதற்கு அது தேவையும் இல்லை.

மீனில் மத்தியும் நெத்திலியும் எளிய விலையில் கிடைப்பவை. முள் நீக்கிக் கொடுக்கலாம். கேழ்வரகு, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, அரைக்கீரை இவற்றோடு எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ சேர்த்தால் அவற்றின் இரும்பு கூடுதலாகச் சேரும். நம் நோன்புக் கஞ்சியையே பாருங்கள். பயறும் கொத்துக்கறியும் போட்டுக் குழைய வேகவைத்த உணவு. அதை வருடத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் ஏன் வைத்திருக்கிறோம்?

பேரீச்சம்பழம் பற்றியும் சொல்ல வேண்டும். அது சுன்னத்தான, சத்தான உணவு. ஆனால் இரண்டு பழம் கொடுத்துவிட்டால் இரத்தம் ஊறிவிடும் என்று நினைப்பது தவறு. 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. இரண்டு மூன்று பழத்தில் கிடைப்பது அதில் சிறு பங்குதான். மாதுளை, பீட்ரூட் கதையும் இதுதான். சிவப்பாக இருப்பதால் மட்டும் ஒரு பொருள் இரத்தம் ஆகிவிடாது.

பாலும் டீயும்

"பிள்ளை வேறெதுவும் சாப்பிடாது, பால் மட்டும்தான் குடிக்கும்." இந்தப் பேச்சைப் பெருமையாகச் சொல்லும் தாய்மார் உண்டு. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்தும் புரதமும் மற்ற உணவின் இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கும். ஒரு வயதுக்குள் பசும்பால் கொடுத்தால் சில பிள்ளைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவே ஏற்படலாம். எனவே ஒரு வயது வரை பசும்பாலை முக்கிய உணவாக்க வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். ஒரு வயதுக்குப் பிறகும் நாளொன்றுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பாட்டில் பாட்டிலாகப் பால் குடிக்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிடும். சோற்றுக்கு இடம் இருக்காது.

டீ இன்னும் மோசம். காலையில் அத்தாவின் கிளாஸிலிருந்து இரண்டு மடக்கு, மாலையில் டீயில் நனைத்த பொறையோ பிஸ்கட்டோ. பிள்ளை அழுகையை நிறுத்த எளிய வழி. டீயிலுள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் வெளியேற்றிவிடும். ஐந்து வயது வரை பிள்ளைக்கு டீ, காபி தேவையே இல்லை. பெரியவர்களும் சாப்பாட்டோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. பிரியாணிக்குப் பிறகு உடனே டீ என்ற நம் பழக்கம், குறிப்பாக வீட்டுப் பெண்களுக்கு நல்லதில்லை.

அரசின் திட்டம் எங்கே நிற்கிறது?

2018-இல் மத்திய அரசு "இரத்தசோகை இல்லா பாரதம்" திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் தர வேண்டும். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கும். 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. இவற்றோடு ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரை. எல்லாம் இலவசம்.

திட்டத்தில் குறையில்லை. சிரப் பாட்டில் அங்கன்வாடியிலிருந்தோ சுகாதார நிலையத்திலிருந்தோ வீட்டு அலமாரி வரை வந்துவிட்டாலும், அங்கிருந்து பிள்ளையின் வாய்க்குப் போகும் கடைசி மூன்று அடி தூரத்தில்தான் நின்றுவிடுகிறது. பிள்ளை துப்புகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயந்து நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பு மலம் இரும்பின் இயல்பான விளைவு, ஆபத்து இல்லை. பல்லில் கறை படியாமல் நாக்கின் பின்பக்கம் ஊற்றி, பிறகு தண்ணீர் கொடுத்தால் போதும். பாலோடு கலக்கக் கூடாது.

அங்கன்வாடி ஏழைகளுக்கு என்ற எண்ணம் நம் நடுத்தரக் குடும்பங்களைத் தடுக்கிறது. புர்கா போட்ட பெண்கள் அங்கே போவதில்லை என்ற தயக்கமும் சில வீதிகளில் இருக்கிறது. தனியார் மருத்துவரிடம் தடுப்பூசி போடும் பிள்ளைகளுக்கு இந்த சிரப்பைப் பற்றி யாரும் சொல்லாமலே போகலாம். ஒன்பதாம் மாத, ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்குப் போகும்போது "இரும்பு சிரப் எப்போது தொடங்க வேண்டும், ஹீமோகுளோபின் பார்க்கலாமா?" என்று நாமே கேட்க வேண்டும்.

இரும்பு செறிவூட்டிய அரிசியைப் பற்றிக் கேட்கிறார்கள். ரேஷன் அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துத் தரும் திட்டத்தைப் பிரதமர் 2021 சுதந்திர தினத்தில் அறிவித்தார். 2028 டிசம்பர் வரை தொடர்வதென 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனால் புதுச்சேரியில் 2015 செப்டம்பரிலிருந்து மத்திய அரசின் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. பணம் வந்தால் மக்கள் கடையில் வெள்ளைவெளேரென்று தீட்டிய அரிசியைத்தான் வாங்குவார்கள். அதில் செறிவூட்டல் கிடையாது. அப்படியே கிடைத்தாலும் கணக்குப் பாருங்கள்: செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு நாளில் 50 கிராம் அரிசி சாப்பிட்டால் கிடைப்பது அதிகபட்சம் 2 மில்லிகிராம். தேவை 8. கைப்பிடிச் சோறு உண்ணும் வயதில் சோற்றை மட்டும் நம்ப முடியாது.

எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவு அல்ல

நம் சமுதாயத்தில் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் இருக்கிறது. அதனால் தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் கோளாறுகளை மறந்துவிடக் கூடாது. பெற்றோர் இருவருமே அதன் மரபணுவைச் சுமந்தால் பிள்ளைக்குக் கடுமையான நோய் வரலாம். இரும்பு மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், மீண்டும் மீண்டும் டானிக் வாங்காமல் மருத்துவரிடம் அடுத்தகட்டப் பரிசோதனை கேளுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் டானிக்கை நம்பிச் சுய வைத்தியம் வேண்டாம்.

ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே போனால் தாமதமில்லாமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிகிச்சை தொடங்கிய பிள்ளைக்கு முகம் தெளிந்தவுடன் மருந்தை நிறுத்தக் கூடாது. இரத்தம் சரியான பிறகும் உடலில் சேமிப்பு நிரம்ப மருத்துவர் சொல்லும் மாதம் வரை கொடுக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: இரும்பு மாத்திரையும் சிரப்பும் அளவு மீறினால் சிறு பிள்ளைக்கு விஷம். தாயின் சிவப்பு மாத்திரையை மிட்டாய் என்று பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

இரத்த தான முகாம் நடத்துவதில் நம் அமைப்புகளுக்கு நல்ல பெயர் உண்டு. கொரோனா காலத்தில் உடல்களை அடக்கம் செய்யும் பணியிலும் நம் இளைஞர்கள் முன்னே நின்றார்கள். அடுத்தவருக்கு இரத்தம் கொடுக்கும் சமுதாயம், தன் வீட்டுக் குழந்தையின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

மஹல்லாவில் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளிவாசல் நிர்வாகம் தயாரிக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெண்கள் மதரஸாவிலோ பள்ளிவாசல் வளாகத்திலோ ஹீமோகுளோபின் பரிசோதனை வைக்கலாம். செவிலியர் அங்கே வந்தால் தயங்கும் பெண்களும் வருவார்கள். வாரம் இருமுறை என்பதை மறக்காமல் இருக்க, திங்கள், வியாழன் என்று நாள் குறித்துக்கொள்ளலாம். சுன்னத்தான நோன்பு நாள்கள் என்பதால் நம் வீடுகளில் அவை நினைவில் நிற்கும். பஜ்ருக்குப் பின் நடக்கும் மக்தபில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடும் டீயோடும் வருகிறார்கள். வசதி படைத்தவர்கள் ஓர் அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம் என்று பொறுப்பேற்கலாம். குர்பானிக் கறியைப் பங்கிடும்போது, கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் உள்ள ஏழை வீடுகளை முதலில் பார்க்கலாம்.

ஜும்ஆ பயானில் ஆண்களிடம் இதைச் சொல்ல வேண்டும். ஏனெனில் கறிக்கடைக்குப் போவது, எதை எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்வது, டீ கிளாஸை நீட்டுவது எல்லாம் பெரும்பாலும் அத்தாமார்தான். இது பெண்கள் விஷயம் என்று ஒதுக்கினால் பாதி வேலை நின்றுவிடும்.

அடுத்த ஆய்வு எந்த எண்ணைச் சொன்னாலும் அது முழு யூனியன் பிரதேசத்தின் எண்ணாகத்தான் இருக்கும். நம் வீட்டுப் பிள்ளையின் எண் அதில் தெரியாது. அதை நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பிள்ளையின், பேரப்பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். எடை இருக்கும், உயரம் இருக்கும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடுங்கள்.

நம் பிள்ளைகளை நல்ல உடலோடும் தெளிந்த அறிவோடும் வளர்க்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.